பினாங்கிலிருந்து ‘கோல் கம்ப’த்துக்கு ஒரு திருத்தம்

1

‘கோல் கம்பம்’ பத்திரிகைக்குப் பத்து வயது ஆகிறதாம். ஆண்டு மலருக்கு நானும் எழுத வேண்டுமாம். ஆசிரியர் சூசை கடிதம் போட்டிருக்கிறான். “பினாங்குல இன்னா துன்றே, எங்க தூங்கறே, அங்க பந்து எப்படி ஆடிகினு கீறானுங்க, எல்லாத்தியும் எழுது ஐயரே. ஆறு பக்கம் ஒதுக்கி வச்சிகீறேன். அதுக்கு மேல போனா அச்சுத் தட்டு தாங்காது” என்கிறான். சூசை பேசுவது போலவேதான் எழுதுவான். கடிதத்தைப் பிரித்தால் சாந்தோம் கடற்கரையில் அவன் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

என்னைத் தெரியாத புது வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தி. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குத் தெற்கே பிறந்தவன். இந்தப் பத்திரிகையின் முதல் ஆசிரியன் நான்தான். எட்டு மாதம் நடத்திவிட்டுக் கப்பல் ஏறியவன். இப்போது பினாங்கு துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ரப்பர் மூட்டைக்கும் தகரக் கட்டிக்கும் சீட்டு எழுதுவது என் வேலை.

வெளிநாட்டு அனுபவம் எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்பது மயிலாப்பூர் முழுக்கத் தெரியும். ஆனால் இந்த ஆறு பக்கத்துக்குள் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே பத்திரிகையில் நான் சூசையைப் பற்றி ஒரு பொய் எழுதினேன். ‘சேம்சைடு சூசை’ என்று அவனுக்கு ஊரெல்லாம் ஒரு பெயர் இருக்கிறதே, அதை வைத்தவன் நான். தன் பக்கத்துக் கோலுக்குள் தானே பந்தை அடித்துவிட்டவன் என்று அர்த்தம். அவன் அப்படி அடிக்கவில்லை. இதை எழுதினால் என் மானம் போகும். எழுதாவிட்டால் அவன் மானம் திரும்பாது. எழுதுவது என்று தீர்மானித்து உட்கார்ந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. முதலில் மற்றதை எல்லாம் எழுதிக் கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

சூசையின் கடிதமும் நாலைந்து மாத இதழ்களும் ஒரே பொட்டலமாக வந்தன. ஆனால் நேராக என் கைக்கு வரவில்லை. தபாலில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஊதா மையில் கையெழுத்து, அச்சாபீஸ் பெயர் இல்லை, பக்கம் பக்கமாகத் தமிழ். இப்போதெல்லாம் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு காகிதத்தைக் கண்டால் சர்க்காருக்கு வயிற்றைக் கலக்குகிறது. சர்க்காரைத் திட்டிச் சுவரில் ஒட்டுகிற துண்டுப் பிரசுரங்களும் இதே ஊதா மையில்தான் வருகின்றன. ஆகவே ஒரு நாள் ஆபீசுக்கு ஆள் வந்து என்னைக் கூட்டிப் போனான். போகும்போது சக குமாஸ்தாக்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அப்போதே பாதி தண்டனை கிடைத்துவிட்டது.

மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர், கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக. அவர் கையில் ‘கோல் கம்பம்’.

“இது என்ன காணும்? ‘பட்டாளத்தை இடப் பக்கமாய்த் தாக்கிப் பத்தே நிமிஷத்தில் நொறுக்கினோம்’ எண்டு கிடக்குது. ஆர் இந்தப் பட்டாளம்?”

“வெள்ளைக்காரச் சோல்ஜர்களுடைய டீம் ஐயா. பந்தாட்டம்.”

“நொறுக்கினது?”

“மூன்றுக்கு ஒன்று.”

அவர் துரையிடம் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஏதோ கேட்டார். பெரியவர் என் பக்கம் திரும்பி, “பட்டாளத்து ஆக்கள் பூட்ஸ் போட்டிருந்தவையோ எண்டு துரை கேக்கிறார்” என்றார்.

“போட்டிருந்தார்கள். நம்மவர்கள் வெறுங்கால்.”

துரை எட்டி என் காலைப் பார்த்தார். நான் ஷூவை உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் ஃபாரங்களை நிரப்பாமல் விடுவாரா? வெளியிடுபவர் பெயர், அச்சிடுபவர் பெயர், அச்சு யந்திரத்தின் வகை என்று மூன்று தாள் நீட்டினார். யந்திரத்தின் வகை என்ற இடத்தில் நான் உள்ளதை உள்ளபடி ‘பிஸ்கட் டப்பா மூடி’ என்று எழுதினேன்.

“இதை இங்கிலீசில சொல்ல என்னால ஏலாது காணும்” என்று பெரியவர் அதை அடித்துவிட்டு ‘தட்டு’ என்று எழுதினார். பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அடுத்த இதழ் வந்தால் எனக்கும் ஒருக்கால் காட்டும்” என்றார். ஆக, பினாங்கில் நமக்கு வாசகர் இரண்டு பேர்.

3

பிஸ்கட் டப்பா மூடி பொய் இல்லை. ‘கோல் கம்பம்’ அதில்தான் அச்சாகிறது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

நானும் சூசையும் ஒரே டீமின் விசிறிகளாகத்தான் பழக்கமானோம். தெப்பக்குளம் யூனியன் என்று பெயர், ஆடுகிறவர்கள் எல்லாச் சந்திலிருந்தும் வந்தார்கள். முதலில் சூசையும் என்னோடு கயிற்றுக்கு வெளியே நின்று கத்துகிறவன். ஒரு நாள் ஆள் குறைந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு அவன் வெளியே வரவில்லை, பின்னால் நின்று கோலைக் காக்கிற ‘பேக்’ ஆகிவிட்டான். மீன்பிடி வலை இழுத்த கால். அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை.

பெரிய பத்திரிகைகளில் நம்முடைய ஆட்டத்துக்கு மூன்று வரி கிடைத்தால் அதிகம். அதிலும் ஒரு வரி கோப்பையைக் கொடுத்த கனவானுக்குப் போய்விடும். சரி, நாமே எழுதினால் என்ன என்று ஆரம்பித்ததுதான் இது. கிளப் காரியதரிசி ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, பந்தலுக்குள் இரண்டு நாற்காலி போடுகிறேன், கொஞ்சம் பார்த்து எழுதுங்கள் என்றார். சூசை, “நாக்காலில குந்திகினா நாக்கு எப்படிங்க பேசும்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து, பார்த்ததை எழுதுவது என்று முதல் இதழிலேயே கொட்டை எழுத்தில் போட்டோம். பார்த்ததை எழுதுவது. அதை எழுதியது என் கை.

அச்சுக்கு எங்கே போவது? யாரோ வழி சொன்னார்கள். தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ரத்தைக் காய்ச்சி, கிளிசரினும் சர்க்கரையும் சேர்த்து ஒரு தட்டில் ஊற்றினால் அல்வா மாதிரி இறுகிக்கொள்ளும். ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து எடுத்தால் எழுத்து அதில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாகப் பரப்பி அழுத்தி எடுக்க வேண்டியதுதான். நாற்பது பிரதி வரும்.

இதில் ஒரு சிக்கல். வஜ்ரம் என்பது மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. எங்கள் ஆத்தில் அது வாசற்படி ஏறாது. நானும் அந்த வயதில் கையில் தொடத் தயங்கினேன், மறைப்பானேன். சூசை சிரித்தான். “நீ வஜ்ரத்தத் தொடாதே ஐயரே. நான் எழுத்தத் தொடல. நீ எழுது, நான் அமுத்தறேன்” என்றான். அதுவே எங்கள் சட்டம் ஆயிற்று. நான் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட அவன் மாற்றியதில்லை. அவன் குடிசையில் நான் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அவன் அழுத்தி எடுக்கிற தாள்களைக் காய வைப்பேன். காய்ந்துகொண்டிருக்கும் கருவாட்டுக்குப் பக்கத்தில் வஜ்ர நாற்றம் ஒரு நாற்றமாகவே தெரியவில்லை.

இன்னொரு சங்கதி. முதல் பத்துப் பிரதியில் ஊதா மை கறுப்போ என்று தோன்றுகிற மாதிரி அழுத்தமாக வரும். போகப் போக மங்கும். கடைசிப் பத்தில் எழுத்து இருக்கிற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் யோசிக்காமல் கறுப்புக் கட்டை மயிலாப்பூருக்கும், நடுக் கட்டுகளை ராயப்பேட்டை, மாம்பலத்துக்கும், கடைசிக் கட்டைக் குப்பத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் சூசை ஒரு தாளை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினான்.

“எங்காளுங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஆவிப் பேப்பரு? எழுத்து எங்க கீதுன்னு தேடிகினு கீறோம்.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கறுப்புக் கட்டு மாதம் ஒரு பேட்டைக்கு என்று முறை வைத்தோம்.

4

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறான். காலையில் குளித்து, விசாலம் வார்த்துக் கொடுக்கிற தோசையைத் தின்றுவிட்டு டிராம் ஏறுவேன். விசாலம் என் மனைவி. சாயங்காலம் திரும்பி வரும் வழியில் மைதானம். சீனர், மலாய்க்காரர், நம்மவர், எல்லோரும் ஆடுகிறார்கள். எல்லோரும் பூட்ஸ். நம் ஊர்க் கால்களைப் பார்த்தவனுக்கு அது என்னவோ குடையை விரித்துக்கொண்டு குளிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஆட்டம் நல்ல ஆட்டம், குறை சொன்னால் நாக்கு அழுகும்.

மலாய் பாஷை எனக்கு இன்னும் சரியாக வாய்க்கவில்லை. விசாலம் வந்த புதிதில் ஒரு கடையில் தண்ணீர் கேட்பதாக நினைத்துக்கொண்டு கோழி கேட்டுவிட்டேன். ஆயர், ஆயம் என்று இரண்டும் ஒரே ஜாடை. கடைக்காரர் மரியாதையாக ஒரு முழுக் கோழியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து வைத்தார். விசாலம் எழுந்து வெளியே போய் ரிக்‌ஷாவில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாரம் எனக்கு வெறும் ரசம்தான்.

எங்கள் பையன் சந்துருவுக்கு எட்டு வயது. அவனுக்குப் பாஷைக் கவலையே இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் மலாய், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். பந்து என்று அவன் வாயில் வராது, போலா என்கிறான். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அப்பா, மயிலாப்பூர் எந்த எஸ்டேட்டுல இருக்கு?” என்று கேட்டான். விசாலம் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் படம் போட்டுக் காட்டினேன். குளம், கோபுரம், லஸ், கடற்கரை. அவன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “கிரவுண்டு எங்கே?” என்றான். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதித் துக்கம் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் அவனை ‘நெட்டை’ என்று மலாயில் கூப்பிடுகிறார்களாம். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதான். உயரமாக இருப்பதில் என்னடா அவமானம் என்று நான் சமாதானம் சொன்னேன். “நான் செஞ்சதுக்குக் கூப்பிட்டாப் பரவாயில்லை. நான் ஒண்ணும் செய்யலையே” என்று விசும்பினான்.

அந்த வாரம்தான் சூசையின் கடிதம் வந்தது. அதன் கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: “என் பையனும் இப்ப மணல்ல பந்து ஆடிகினு கீறான். பசங்க அவன குட்டி சேம்சைடுன்னு கூப்புடுதுங்க. அவனும் திரும்பிப் பாக்கறான். ஒரே சிரிப்பு போ.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூசை என்ற ஒரு ஆளோடு முடிந்துபோகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த பொய் இப்போது ஒரு குழந்தைக்குப் பெயராகிவிட்டது. என் பையன் உயரத்துக்காக அழுகிறான். அந்தப் பையன் நான் எழுதிய ஒரு வரிக்குத் திரும்பிப் பார்க்கிறான்.

5

இனித் தள்ளிப்போட முடியாது. அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன்.

கோப்பைக்கான கடைசி ஆட்டம். எதிரணி புது மாம்பலம் கிளப். ஏரியைத் தூர்த்து அங்கே வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அவர்கள் டீமும் வீடுகளைப் போலவே புதுக் கருக்கோடு இருந்தது. ஆட்டம் ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். காலையில் மழை பெய்து பந்து கனத்துக் கிடந்தது. நான் வீட்டில் ஷார்ட்ஹாண்டு கிளாசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பந்தாட்டம் பார்க்கிற பிள்ளை உருப்படமாட்டான் என்பது அவர் தீர்ப்பு. அவர் அன்று சாயங்காலம் உபன்யாசத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் ஐந்தாறு நிமிஷம் பாக்கி. அப்போது எதிர்ப்புறக் கூட்டத்தில் ஒரு குடை தெரிந்தது. மழை விட்டு இரண்டு மணி நேரமாகியும் விரித்தே வைத்திருக்கிற அந்தக் குடையை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். குடைக்கு அடியில் அப்பா.

நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜட்கா வண்டிக்குப் பின்னால் குந்திவிட்டேன். குதிரை கொள்ளு மென்றுகொண்டிருந்தது, நான் கபாலீசுவரரை வேண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கூட்டம் ஓவென்று இரைந்தது. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பந்து எங்கள் கோலுக்குள் கிடந்தது. சூசை கோலுக்கு முன்னால் சேற்றில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தான். கோல்கீப்பர் ஒதுங்கி நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு சுண்டல்காரர். “யாரு?” என்றேன்.

“சூசை காலுப்பா” என்றார்.

அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. கோப்பை மாம்பலத்துக்குப் போயிற்று.

6

மறுநாள் காலை எழுதிக்கொண்டு போனேன். ‘கோப்பையைக் கொடுத்தார் சேம்சைடு சூசை’ என்று தலைப்பு. சிநேகிதன் என்று பார்க்காமல் உண்மையை எழுதுகிறோம் என்ற மிதப்பு வேறு. பந்து எந்தக் கோணத்தில் வந்தது, சூசையின் இடது காலில் எப்படிப் பட்டது, அவன் முகம் எப்படி வெளுத்தது என்று ஒன்று விடாமல் வர்ணித்திருந்தேன். ஜட்காக் குதிரையை மட்டும்தான் விட்டுவிட்டேன்.

சூசை தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான். தாளை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். அவன் அம்மா வெளியே மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“நீ பாத்தியா ஐயரே?” என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். அந்த நேரத்தில் ‘இல்லை, அப்பாவுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தேன்’ என்று சொல்லியிருந்தால் அவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். நானும் சிரித்திருப்பேன். ஆனால் பார்த்ததை எழுதும் பத்திரிகையின் ஆசிரியன் அல்லவா நான்.

“பாத்தேன்” என்றேன்.

“செரி. பாத்தவன் எழுதலாம்.”

தாளைத் தட்டில் கவிழ்த்தான். ஓரம் தூக்காமல் உள்ளங்கையால் நன்றாகத் தடவினான். எல்லா இதழையும் போல நாற்பது பிரதி, ஒன்றுகூடக் கறையில்லாமல் எடுத்தான். அந்த மாதம் கறுப்புக் கட்டு குப்பத்து முறை. மாற்றிக் கொடுக்க அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. மாற்றவில்லை. எண்ணி எடுத்துத் தன் தெருவுக்கே கொண்டுபோனான். அப்படித்தான் நல்ல கருக்கு எழுத்தில் அந்தப் பெயர் அவன் வாசல் வாசலாகப் போய்ச் சேர்ந்தது.

7

இரண்டு மாதம் கழித்து எனக்குப் பினாங்கு வேலை வந்தது. துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்த அப்பா கப்பலுக்குள்ளேயே ஏறி வந்தார். சூசை முந்தின நாளே வந்து ஒரு பொட்டலம் வறுகடலையும் ஒரு புட்டி ஊதா மையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மூட்டையெல்லாம் ஏற்றியாயிற்று. அப்பா குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

“ஏண்டா வைத்தி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த பைனல்ல சூசைன்னு எழுதிட்டியே, அது எப்படி?”

“நீங்க அதெல்லாம் படிக்கிறேளா?”

“பஞ்சாங்கத்துக்குள்ள வச்சுண்டு படிப்பேன். அது கெடக்கட்டும். பந்து அந்த கோல்கீப்பர் பையன் முழங்கால்ல பட்டுன்னா உள்ள போச்சு. சூசை அதைத் தடுக்கப் போய்ச் சேத்துல விழுந்தான், பாவம். அவன் கால் பந்தைத் தொடவே இல்லை. நான் அப்போ கோலுக்கு நேர் பின்னாடி வந்துட்டேன்.”

“உபன்யாசம்னு சொன்னேளே?”

“நீ ஷார்ட்ஹாண்டு கிளாஸ்ல இருந்தியோன்னோ, அதே மாதிரிதான்” என்றார் அப்பா. “ஜட்கா சக்கரத்துக்கு நடுவுல உன் குடுமி தெரிஞ்சுது.”

கப்பல் சங்கு ஊதியது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கப்பலில் எனக்கு முதல் மூன்று நாள் வாந்தி. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். பினாங்கு வந்ததும் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். வேலை பழகட்டும் என்றேன், கல்யாணம் ஆகட்டும் என்றேன், குழந்தை பிறக்கட்டும் என்றேன். சாக்குக்கா பஞ்சம்? அப்பா வருஷம் தவறாமல் பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவார். ஊர் சேதி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘திருத்தம் போட்டாயா?’ என்று கேட்பார். நீங்களே அவனிடம் சொல்லிவிடக் கூடாதா என்று ஒரு தடவை எழுதினேன். ‘பத்திரத்தை எழுதினவன்தான் பத்திரத்தைத் திருத்த வேண்டும்’ என்று பதில் வந்தது. முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் இருந்தவரோடு வாதாட முடியுமா? இப்போது அவர் பந்தாட்டத்துக்கு வெளிப்படையாகவே போகிறார். சூசைதான் வண்டி பிடித்துக் கூட்டிப் போகிறானாம்.

சூசை நான் வந்த மாதத்திலிருந்து தானே எழுதி, தானே அழுத்தி, பத்திரிகையை விடாமல் நடத்துகிறான். ஒவ்வொரு இதழும் எனக்கு வந்துவிடும், கூடவே இரண்டு வரி. “பையன் பொறந்துகீறான்” என்று ஒரு தடவை. “அம்மா பூட்ச்சி” என்று ஒரு தடவை. அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கோபம் இருந்தால் திட்டியிருப்பான், அது தெரியும். ‘பாத்தேன்’ என்று நான் சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டான். தன் காலுக்குத் தெரிந்ததைவிட என் வாய்க்கு மரியாதை கொடுத்தான். அதை நினைத்தால்தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

8

விசாலத்திடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, மேஜைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

“பொய் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. நெஜத்தைச் சொல்ல இத்தனை பக்கமா?” என்றாள்.

“ஆறு பக்கம் கொடுத்திருக்கான்” என்றேன்.

“கொடுத்தா ரொப்பணும்னு இருக்கா? மொதல்ல அதை எழுதுங்கோ. கோழிக் கதையை அப்புறமா வேணும்னா சேத்துக்கலாம்.”

கோழிக் கதை ஏற்கெனவே மேலே போய்விட்டது. இனி எழுத வேண்டியது இது ஒன்றுதான்.

திருத்தம்: தெப்பக்குளம் யூனியனுக்கும் புது மாம்பலம் கிளப்புக்கும் நடந்த கோப்பைக் கடைசி ஆட்டத்தில் சூசை தன் பக்கத்துக் கோலுக்குள் பந்தை அடித்தார் என்று இந்தப் பத்திரிகையில் வந்த செய்தி பொய். பந்து அவர் மீது படவே இல்லை. அவர் அதைத் தடுக்க விழுந்தார். இதைப் பார்த்தவர் என் தகப்பனார். செய்தியை எழுதிய நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். ‘சேம்சைடு’ என்ற பெயரைச் சூசைக்கு வைத்தவன் நான், அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாருக்காவது அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நாக்கு அரித்தால் என் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள், பொருத்தமாக இருக்கும். ‒ வைத்தி.

சூசை, நீ இப்போது ஆசிரியன். இதை வெட்டிவிட்டு, டிராமையும் தோசையையும் மட்டும் போட உனக்கு மனசு வரும், எனக்குத் தெரியும். வெட்டாதே. இத்தனை நாள் உன்னிடம் நேராகச் சொல்லாததற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் உன் பையனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடலாம் என்று புதுத் தாள் எடுத்தேன். இந்தப் பிழை என்னுடையது, உன் அப்பாவுடையது இல்லை, நீ தலையைத் தூக்கிக்கொண்டு ஆடு என்று எழுதத்தான். ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்துவிட்டு, மேலே போக முடியாமல் நின்றேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேடிப் பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் ‘பையன்’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய், ‘குட்டி சேம்சைடு’ என்று ஒரு தடவை எழுதியிருக்கிறாய். அவன் பெயர் எனக்குத் தெரியாது, சூசை. அடுத்த தபாலில் எழுதி அனுப்பு. அந்தத் தாளை அப்படியே வைத்திருக்கிறேன்.